நல்லதாய்ப் பார்த்து அனுப்பிய சளி

ஊர் விட்டு ஊர் போகிறவர்களில் படிக்கப் போகிறவர்கள் உண்டு, பிழைக்கப் போகிறவர்கள் உண்டு, புண்ணியம் தேடிப் போகிறவர்களும் உண்டு. எல்லை தாண்டிப் போய் ஒரு பெண்ணின் சளியை வாங்கி வந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைச்சாலையில் வேலை பார்த்தேன். சோதனைச்சாலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், ஓர் அருளப்பன். அருளப்பன் நான். வருகிறவர்கள் துப்பியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, அதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். அத்தனை வருஷம் அதன் நடுவிலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. பெண் கொடுக்கத்தான் யாரும் வரவில்லை.

தேசம் சுதந்திரம் வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் ஓர் எக்ஸ்ரே படம். மண்டைக்காட்டுக்குப் பக்கத்திலிருந்து வந்துபோன பொன்னம்மை என்பவளுடையது. பனையேறியின் மனைவி. முப்பது வயசிருக்கும். இரண்டு வருஷமாக விடாத இருமல். உள்ளூர் வைத்தியர் சயம், அதாவது காசநோய், என்று சொல்லிவிட்டார். நாலு மாசக் குழந்தையை அவளிடமிருந்து பிரித்து, அவளைத் தனியே வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாங்கள் படம் எடுத்த அன்று அவளுக்குச் சளி வரவில்லை. புட்டியைக் கொடுத்து, வீட்டிலிருந்து அனுப்பச் சொன்னோம். பத்து நாள் கழித்து ஒரு கருப்பட்டி வியாபாரியின் கையில் புட்டி வந்து சேர்ந்தது. சாயம் ஏற்றிப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாகக் கிருமிகள், திருவிழாக் கூட்டம்.

“படத்துல காசநோய்க்கு உண்டான ஓட்டை ஒண்ணுகூட இல்ல, அருளப்பா. சளியில மட்டும் இவ்வளவு இருக்கு. ரெண்டும் ஒரே ஆளோடதுதானா?” என்றார் டாக்டரம்மா. “வழியில புட்டி மாறிச்சோ என்னவோ. நீ மைக்ராஸ்கோப்பைத் தூக்கிட்டு நேரா போ. அவ இருமித் துப்புறதை உன் கண்ணால பார்த்து வாங்கு. அங்கேயே சோதிச்சுப் பாரு. நோய் இருந்தா அவ சானடோரியத்துக்குப் போகணும். இல்லைன்னா அந்தப் பொண்ணு தன் பிள்ளையைத் தூக்கட்டும்.”

ஒரு தாய் தன் பிள்ளையைத் தொடலாமா கூடாதா என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். ஆனாலும் வெளிநாட்டுப் பயணம் என்பதால் வேட்டியை வெளுக்கப் போட்டேன்.

வெளிநாடு என்று சொல்வது கிண்டலுக்கல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். அந்தக் காற்றில் சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு, பக்கத்தில் ஒரு காவல்காரர், மலையாளத்தில் எழுதிய ஒரு பலகை. ஒரு வெளிநாட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அரிசிக் கட்டுப்பாட்டுக் காலமாதலால் எல்லோருடைய மூட்டையையும் கிண்டினார்கள். என் மரப்பெட்டியைத் திறந்த காவல்காரர் முதலில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார், பிறகு வைக்கோலில் பொதிந்த காலிப் புட்டிகளைப் பார்த்தார், பிறகு ஸ்பிரிட் குப்பியை முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

மலையாளத்தில் அவர் கேட்டதன் சாரம் இது: “சாராயம் காய்ச்ச இவ்வளவு சின்ன அடுப்பா கொண்டுவந்திருக்கிறாய்?”

“சளி வாங்கப் போகிறேன்” என்றேன். அவர் நம்பவில்லை. மேலதிகாரி வந்தார். அவரும் நம்பவில்லை. கடைசியில் டாக்டரம்மாவின் கடிதத்தைக் காட்டினேன். இருவரும் அதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் காலாலேயே என் பக்கம் நகர்த்தினார்கள். அவர்களுக்குள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. “பாண்டிநாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டேன், இந்த அளவுக்கென்று தெரியாது” என்றார் மேலதிகாரி.

அன்று இரவு தங்கல் நாகர்கோவிலில். அங்கே ஒரு காப்பி கிளப்பில் ரசவடை சாப்பிட்டேன். எங்கள் ஊரில் வடையையும் ரசத்தையும் தனித்தனியாக நம்பிச் சாப்பிடுவோம். இங்கே வடையை ரசத்தில் ஊறப்போட்டு, அது மனம் இளகி வரும்போது பரிமாறுகிறார்கள். நாலு தின்றேன். அதன்மேல் விரல் நீளத்துக்கு ஒரு பழம், மட்டிப்பழமாம். தோலை உரித்ததும் கடை முழுவதும் மணந்தது. இவ்வளவு நல்ல பழத்தைத் தின்கிறவர்கள் எதற்காகச் சோற்றை மட்டும் சிவப்பாக, கொட்டை கொட்டையாக வடிக்கிறார்கள் என்று பரிமாறியவரிடமே கேட்டேன். “வெள்ளைச் சோறு தின்னு நீரு என்னத்த வெளுத்துட்டீரு?” என்றார் அவர். நான் நல்ல கறுப்பு.

மறுநாள் மண்டைக்காட்டு பஸ். யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும் அந்த வண்டி பெட்ரோலுக்கு மாறவில்லை. பின்புறத்தில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு, அதில் மரக்கரி. ஒருவர் துருத்தியைச் சுற்றுவார், வண்டி இருமும், பிறகு நகரும். மாசிக் கொடைத் திருவிழாவாதலால் பஸ் முழுக்க அம்மன் கோயிலுக்குப் போகும் பெண்கள். நான் இருந்தது கடைசிப் பலகை. அடுப்புக்கும் எனக்கும் ஒரு தகரம்தான் இடைவெளி.

மடியில் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்த என்னைப் பார்த்து, “நேர்ச்சைப் பெட்டியாக்கும்” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அம்மனுக்கான காணிக்கை என்று பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் உள்ளே என்ன என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஓர் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். ஆண்கள் என்றால் நானும் ஒரு மீன் வியாபாரியும். அவர் குளச்சல்காரர். தள்ளுகிற நேரம் முழுக்க என் பேச்சைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். நான் பேசுவது சண்டைக்கு நிற்பது மாதிரி இருக்கிறதாம். அவர் பேசுவது பாட்டு வகுப்பு மாதிரி இருந்தது என்று நான் சொல்லவில்லை. மூச்சு இல்லை. வண்டி கிளம்பியபோது அடுப்பிலிருந்து வந்த புகையை மொத்தமாக உள்ளே இழுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்து துப்பினால் எல்லாம் கறுப்பு.

பொன்னம்மையின் புருஷன் தவசிமுத்து ஒட்டி உலர்ந்த மனிதர். நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் துண்டுக் கட்டு. அய்யாவழி மார்க்கத்துக்காரர். பனைகள் நிற்கும் அவருடைய நிலத்தை விளை என்கிறார்கள். விளையின் ஒரு கோடியில் வீடு. மறுகோடியில் பதநீர் காய்ச்சும் ஓலைப்புரை. பதநீரை அங்கே அக்கானி என்கிறார்கள். அது கருப்பட்டியாகும்வரை பொன்னம்மை அந்தப் புரைக்குள் அடுப்பின் முன்னால் குந்தியிருக்க வேண்டும். அவளைத் தனியே வைக்க இடம் தேடியவர்கள் வேறு இடமே கிடைக்காதது போல் அந்தப் புரைக்குள்ளேயே படுக்கையையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இருமல்காரியைப் புகைக்குள் குடிவைத்த புத்தியை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டு நிர்வாகம் தவசிமுத்துவின் அக்கா லெச்சுமியிடம் இருந்தது. புருஷன் இல்லை, பிள்ளையில்லை. நல்ல ஆகிருதி. கருப்பட்டிக் கடவப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திங்கள்சந்தைக்கு நடந்தே போய்வருகிறவள். இடுப்பில் பொன்னம்மையின் மகன், ஒன்றரை வயசு, என் மீசையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு இவள் அத்தை; அத்தையை அங்கே மாமி என்கிறார்கள்.

“கம்பவுண்டர் சாரே, வயிறு வாடியிருக்கே. முதல்ல திங்கணும், பொறவு சளியும் கிளியும்” என்று இலையைப் போட்டாள். அவித்த மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் அரைத்த சாளை மீன்குழம்பு, நாக்கில் தீ வைக்கும் மிளகாய். எங்கள் ஊரில் கிழங்கு என்றால் பஞ்சத்துக்குத் தின்பது. இங்கே அதை மீனுக்கு மாப்பிள்ளையாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, மூன்றாம் தடவைக்கு வெட்கப்பட்டேன். லெச்சுமி தொண்டையைச் செருமிக்கொண்டே பரிமாறினாள். தவசிமுத்து செருமினார். நானும் பஸ் புகையில் செருமினேன். அந்த விளையில் செருமாதது பனைமரம் ஒன்றுதான்.

பொன்னம்மையைத் தூரத்தில் பார்த்தேன். புரை வாசலில் நின்று பிள்ளை போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கிட்டே போய் நான் யார் என்று சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “நாளைக்கே தெரிஞ்சிருமா சாரே?”

“காலையிலே எந்திரிச்சதும் வார முதல் சளி வேணும்மா. நான் பார்த்துகிட்டு நிப்பேன். மத்தியானத்துக்குள்ள சொல்லிருவேன்.”

“நீங்க பாக்க நான் துப்பணுமா? அய்யோ, நாணக்கேடு” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அவளை மடக்கிப் போட்டது.

மறுநாள் விடிந்ததும் போய் நின்றேன். அவள் வெட்கத்தோடு திரும்பி நின்று இருமினாள். வந்ததைப் புட்டியில் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாம்பல் நிறம், கரித்துகள் கோடு கோடாக. நான் முன்பு பார்த்தது கெட்டி மஞ்சள். மனிதர்களின் முகம் எனக்கு மறந்துபோகும், சளி மறக்காது. ஒருவர் சளி நாளுக்கு நாள் மாறலாம். ஆனால் இந்தப் புகைக்குள் கிடக்கிறவளுக்கு ஒரு பொட்டுக் கரியில்லாத சளி எப்படி வந்தது?

“அன்னைக்கு அனுப்புனது யாரு சளி?” என்று கேட்டேன்.

தவசிமுத்து பனை உச்சியைப் பார்த்தார். பொன்னம்மை தரையைப் பார்த்தாள். லெச்சுமிதான், பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் முன்னால் வந்தாள்.

“எனக்க சளியாக்கும். இவளுக்கது பாக்கவே கொள்ளாது, கரிக்கட்டை மாதிரி. அத ஒரு பெரிய டாக்டருக்கு எப்பிடிக் குடுத்து விட? சந்தையில கருப்பட்டி காட்டணும்னா உள்ளதுல நல்லதத்தானே எடுத்துக் காட்டுவோம்? கடவத்துக்கு அடியில கெடக்கதயா காட்டுவோம்? வீட்டுல தெடமான ஆளு நான். எனக்கத குடுத்தா நோயில்லன்னு எழுதிருவாங்க, இவ பிள்ளையத் தூக்கலாம். அதாக்கும் செஞ்சேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆள்மாறாட்டம் பார்த்திருக்கிறேன். கருப்பட்டியைப் போலச் சளியையும் நல்லதாய்ப் பொறுக்கி அனுப்பியவர்களை அதற்குமுன் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தவசிமுத்துவும் சிரித்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தத் திருவிழாக் கூட்டம் லெச்சுமியின் நெஞ்சிலிருந்து வந்திருக்கிறது. அவள் இடுப்பில் பிள்ளை என் மீசைக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

சிரித்த வாயை மூடிக்கொண்டு, “அக்கா, நீங்களும் இன்னொரு தடவை துப்பிக் குடுங்க” என்றேன். பெருமையாகத் தந்தாள். அதே கெட்டி மஞ்சள்.

வெயிலில் மேஜை போட்டு வேலையை ஆரம்பித்தேன். தடவி, காயவைத்து, ஸ்பிரிட் விளக்கில் வாட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, அமிலத்தில் கழுவி, நீலச் சாயம். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. முதலில் பொன்னம்மையுடையது. ஒரு மணி நேரம் மூலைக்கு மூலை தேடினேன். ஒரு சிவப்புப் பொட்டு இல்லை. நீலத்துக்கு நடுவே பெரிய பெரிய உருண்டைகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் கரி. பொன்னம்மையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

“இந்த உருண்டையெல்லாம் எந்தா சாரே? பூச்சியா?”

“பூச்சி இல்லம்மா. உன் காவல். பொறக்கும்போதே எல்லார் நெஞ்சுலயும் கூடவே வந்தது. யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாம். தூசி வந்தாலும் கிருமி வந்தாலும் ஆளு அடையாளம் கேக்காது, பிடிச்சு முழுங்கிரும். அப்பறம் இருமி வெளிய தள்ளும்.”

“பொறவு ஏன் எனக்கு இப்பிடி மூச்சு இழுக்கு?”

டாக்டரம்மா எனக்குச் சொன்னதைத்தான் அவளிடம் சொன்னேன். ஒருநாள் புகை என்றால் காவல் சமாளித்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் இராப்பகலாகப் புகை வந்தால் அதுவும் தின்று தின்று செத்துப்போகும். சாகும்போது தன் வயிற்றிலிருந்த காரத்தை அங்கேயே கொட்டும். அந்த இடம் புண்ணாகும். புண்ணைப் பார்த்து இன்னும் ஒரு பட்டாளம் வரும், அதுவும் அடித்து நொறுக்கும். திருடனே வராத வீட்டைக் காவல்காரனே இடித்துவிடுவதுதான் அவளுடைய நோய். ஒட்டாது, பரவாது. புகையை விட்டு வெளியே வராதவரை தீரவும் தீராது.

பொன்னம்மை மறுபடி குனிந்து பார்த்தாள். “பாவம்” என்றாள். “எனக்க கூட்டமாக்கும். நாளு முழுக்கக் கரி அள்ளுதுவ.” பிறகு நிமிர்ந்து தவசிமுத்துவிடம், “கேட்டேளா? இனி அக்கானி நீங்க காய்ச்சணும். வெளிய, மரத்து மூட்டுல அடுப்பு போட்டு” என்றாள். தினமும் ஏறும் பனை உச்சியில்கூட அவர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

இரண்டாவது கண்ணாடியை வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. வைத்த இடத்திலேயே சிவப்புக் குச்சிகள் குவிந்து கிடந்தன. கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் சொல்ல வேண்டும்.

ஒரே குடும்பம், ஒரே விளை. புகையில் வெந்தவளின் காவல் இந்தக் கிருமியை எப்படியோ உள்ளே விடவில்லை. பாறை மாதிரி இருந்தவளின் காவல் தோற்றுவிட்டது. அந்தக் கிருமி காவல்காரனின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து பெருகத் தெரிந்தது என்பார் டாக்டரம்மா. ஏன் ஒருத்திக்கு இப்படி, இன்னொருத்திக்கு அப்படி என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. சளிக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏன் வரவில்லை என்பதும் தெரியாது. அத்தனை பேரும் இருமுகிற வீட்டில் லெச்சுமியின் செருமல் யார் காதிலும் தனியாக விழவில்லை.

“அக்கா, பிள்ளைய எறக்கி விடுங்க” என்றேன்.

“ஏன் சாரே, அவன் கீழ நிக்க மாட்டான்லா.”

“எறக்கி விடுங்கக்கா.”

அவள் சந்தைக்குப் போய்வருகிறவள். முகத்தைப் பார்த்தே சரக்கைத் தெரிந்துகொள்வாள். பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு, நாலடி, பத்தடி பின்னால் நகர்ந்தாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். “பிள்ளைக்கு ஒட்டியிருக்குமா?” என்று அதற்குள்ளிருந்து கேட்டாள். தன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்கும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அவளுக்குப் புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, என்னோடு கிளம்பி வந்தால் டாக்டரம்மா பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் சொன்னேன். வாசகர் பதைக்க வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. லெச்சுமி ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், எங்கள் சாம்பாரைத் திட்டிக்கொண்டே பிழைத்தாள். ஆனால் அன்று காலையில் இதெல்லாம் எங்களில் யாருக்கும் தெரியாது.

பொன்னம்மை ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். ஒரு வருஷத்துக்கு மேல் தொடாத பிள்ளை. அவனுக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. உடம்பை வில்லாக வளைத்து, அவள் தோளை நகத்தால் கீறி, லெச்சுமி நின்ற திசைக்கு இரண்டு கையையும் நீட்டி, “அம்மை, அம்மை” என்று அலறினான். பொன்னம்மை விடவும் மாட்டாமல் பிடிக்கவும் மாட்டாமல் அழுதாள். தவசிமுத்து திரும்பி நின்றுகொண்டார்.

லெச்சுமி கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்றபடி, குரல் கேட்க வேண்டும் என்று ஒரு கணம் முந்தானையை எடுத்தாள். எடுத்துவிட்டுப் பயந்து, முகத்தைப் பனைப்பக்கம் திருப்பிக்கொண்டு, மரத்திடம் சொல்வதுபோல் சொன்னாள்.

“லேய் மக்கா, நான் மாமியாக்கும். அம்மை உன்னப் பிடிச்சிட்டிருக்கவ. அவள விடாத, கேட்டியா?”

அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்தினான். முதுகை மட்டும் காட்டி நிற்கிறவளைப் பார்த்தான், தன்னைப் பிடித்திருக்கிறவளைப் பார்த்தான். பிறகு, மாமி சொன்னதற்காகத்தானோ என்னவோ, பொன்னம்மையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். லெச்சுமி அதைப் பார்க்கத் திரும்பவில்லை.